பத்து வயலின் அதிகம்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் அட்டைப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து, உள்ளே வரிசையாகப் படுத்திருந்த சின்ன வயலின்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், குழந்தைங்க கச்சேரியா?"

"நன்கொடை. காரைக்கால்ல ஏழைக் குழந்தைகளுக்கு."

அவர் ஒன்றை எடுத்துக் கம்பியைச் சுண்டிப் பார்த்தார். தம் மகளும் கற்றுக்கொள்வதாகவும், வீட்டில் எல்லோரும் அந்த நேரத்தில் கோயிலுக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல காரியம் செய்யப் போகிறவனுக்கு எல்லாம் சுலபமாக நடக்கும் என்று அப்போது தோன்றியது.

பாரிசுக்கு வெளியே நான் வசிக்கும் ஊரில் ஓர் இசைச் சங்கம் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் சும்மா கிடக்கும் வயலின்களை வாங்கிச் செப்பனிட்டு, தேவைப்பட்ட இடங்களுக்கு அனுப்புவார்கள். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன் என்பதால் என்னை அதன் செயலாளராக வைத்திருந்தார்கள். கோட்டுச்சேரியில் ஒரு டீச்சர் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வயல் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் இலவசமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும், "அது என் ஊர்ப் பக்கம்" என்று நான்தான் முந்திக்கொண்டேன். பயணம் பற்றி எழுதித் தருவதாகவும் சொன்னேன். அவர்களுக்கு அனுப்பியது நான்கு வரியும் புகைப்படங்களும்தான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

காரைக்காலுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டிகளைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார். சாலை மோசம். ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் குதிக்கும்போது பெட்டிக்குள் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து மெதுவாக முனகின. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் விழித்து, "உள்ளே என்னங்க, தேனீயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். சிதம்பரம் தாண்டி டயர் ஒன்று போயிற்று. இறங்கி நின்று டீ குடித்தோம். டிரைவர் ஜாக்கியைத் திட்டினார், கண்டக்டர் டிரைவரைத் திட்டினார். பாரிசில் ரயில் நடுவழியில் நின்றால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே கிளம்பும்போது ஒருவருக்கொருவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

இருட்டிய பிறகு காரைக்காலில் இறங்கினேன். ஆட்டோக்காரர் என் பேச்சையும் சட்டையையும் பார்த்துவிட்டு, "சொல்தாங்களா?" என்றார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள்.

"இல்லை, வாத்தியார்."

"அப்ப பென்ஷன் கம்மி" என்று வண்டியை எடுத்தார். லாட்ஜுக்கு எதிரே இருந்த கடையில் பரோட்டாவும் சுறாப்புட்டும் சாப்பிட்டேன். சுறாப்புட்டில் பூண்டு தாராளம். அந்தச் சுவைக்காகப் பிரான்சில் நான் எத்தனையோ மீனை உதிர்த்து வதக்கிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் வந்ததில்லை.

மறுநாள் மாலை, காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில், அந்த வயலின் வகுப்பை நடத்தும் ஜெயந்தி டீச்சர் வீட்டுக்குப் போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர். வாசலில் பயணப் பை தயாராக இருந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருவாரூர் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் பத்து வயலின் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னதும் அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை.

"கம்பியும் வில்லுக்குப் போடற ரோசினும் மட்டும்தானே சார் கேட்டிருந்தேன்?"

"அதுவும் இருக்கிறது. ஆனால் இருபது பிள்ளைகளுக்குப் பத்து வயலின்தான் என்று எழுதியிருந்தீர்களே."

"பத்தலைன்னு நான் சொல்லலையே."

கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"பெட்டி உங்க ரூம்லயே இருக்கட்டும் சார். திங்கக்கிழமை வந்துடுவேன், வந்து பேசிக்கலாம். நாளைக்கும் நாளன்னைக்கும் பிள்ளைங்க அவங்களாவே சாதகம் பண்ணுவாங்க. போயி பாருங்க. பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போவாதீங்க." வெளியே கார் ஹாரன் அடித்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். கோட்டுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கிறது. முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. மற்ற நாளில் வாடகையும் கிடையாது. முந்தின வாரத்துச் சாம்பார் வாசனை சுவரில் இருந்தது. பிள்ளைகள் நீளப் பாயில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் குதிகாலருகே ஊன்றி உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடி தாடையில் இடுக்கி வாசிக்கும் பிள்ளைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, இவர்கள் தரையில் உட்கார்ந்து அதே வாத்தியத்தை இன்னொன்றாக்குவது வியப்பாக இருந்தது. பத்து பேர் வாசித்தார்கள். பத்து பேர் தொடையில் தாளம் போட்டபடி பாடினார்கள். பிறகு வயலின் கை மாறியது, வாசித்தவர்கள் பாடினார்கள்.

வயலின்கள் எல்லாம் பழையவை. கடல் ஊருக்குள் வந்த வருடம் யாரோ நிவாரணமாகக் கொடுத்தவை. ஓரமாக இருந்த இரண்டு சிறுமிகளிடம் பேச்சுக் கொடுத்தேன். பதின்மூன்று வயது இருக்கலாம். ஒருத்தி கலையரசி, கடலோர மீனவர் தெரு. இன்னொருத்தி சத்யா, நெடுங்காட்டுப் பக்கம் காலனி. பெற்றோர் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள்.

"இது யாருடைய வயலின்?"

"ரெண்டு பேருதும்" என்றாள் கலையரசி. "ஒரு ராத்திரி எங்க வீட்ல, ஒரு ராத்திரி இவ வீட்ல."

"யாருக்கு முறையோ அவதான் மத்தவ வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வரணும்" என்றாள் சத்யா. "ஸ்கூல்லயோ பஸ் ஸ்டாப்லயோ கை மாத்துனா டீச்சர் திட்டும்."

"அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வருவீர்களா? கஷ்டமாக இல்லையா?"

"இவளுக்குத்தான் கஷ்டம்" என்றாள் சத்யா. "பஸ்ஸுல சீட்டு இல்லாட்டி வயலின யார் மடியிலயாச்சும் வச்சிருவா. ஒரு தடவை ஒருத்தரு அதோடயே எறங்கிப் போயிட்டாரு."

"அவரு தூக்கக் கலக்கத்துல எறங்கிட்டாருடி. நான்தான் ஓடிப் போயி பிடிச்சேன்ல?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் வயலின் பெட்டியைத் திறந்தபோது ரோசின் வாசனையோடு கருவாட்டு வாசனையும் வந்தது. ஓர் ஓரத்தில் நெல்மணிகள் சில சிக்கியிருந்தன. பிரான்சில் எங்கள் சங்கத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வயலின், ஒரு ஸ்டாண்டு, துடைக்க மெல்லிய துணி. இந்தப் பிள்ளைகளை நினைத்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்படி எழுத எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். டீச்சர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். சங்கத்துக்குப் புகைப்படம் வேண்டும் என்பதும் உண்மை. பிள்ளைகளிடம் பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னேன். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குப் புதிய வயலின், மற்றவருக்குப் பழையது. யாருக்கு எது என்று அவர்களே பேசி முடித்தார்கள். சத்யா பழையதையே வைத்துக்கொண்டாள். புதியதன் கம்பிகள் மேற்கத்தியச் சுருதியில் இருந்தன. கலையரசி வில்லைப் போட்டதும் கூடமே சிரித்தது.

கலையரசியின் அப்பா செல்வமணி படகில் போகிறவர். அகலமான தோள், மெதுவான பேச்சு. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அய்யா, ஒரு சந்தேகம். உப்புக் காத்துல தொடர்ந்து இருந்தா மரம் வெடிச்சிரும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. ஒரு நாளு எங்க காத்து, ஒரு நாளு வயக்காட்டுக் காத்து படணுமாம். அதுக்குத்தான் புள்ளை அங்கியும் இங்கியும் அலையுது. இனிமே இது எங்க வீட்லயே கெடந்தா கெட்டுப் போயிராதா?"

நான் சிரித்தேன். படித்தவனின் சிரிப்பு. "அப்படி ஒன்றும் இல்லை. கடற்கரை ஊர்களில் எத்தனை வயலின் இருக்கிறது! வாசித்ததும் துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினால் போதும். ஒன்றும் ஆகாது."

"நெசமாவா?"

"வேண்டுமானால் எழுதித் தருகிறேன்."

"வேணாங்க. நீங்க சொன்னா சரிதான்." அவர் முகம் தெளிந்தது. மறுநாள் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். பிறகு எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். இருபது பிள்ளைகள், இருபது வயலின். நல்ல படம்.

திங்கட்கிழமை மீனவர் தெருவில் சாப்பாடு. செல்வமணியின் மனைவி வளர்மதி இறால் தொக்கும், வஞ்சிரம் வறுவலும், மாங்காய் போட்ட மீன் குழம்பும் செய்திருந்தார். "பாரீசுல இதெல்லாம் கெடைக்குமா?" என்று ஒவ்வொரு கரண்டிக்கும் கேட்டார். கிடைக்கும், ஆனால் அது கடலைப் பார்த்து நாளாகியிருக்கும் என்றேன். வளர்மதி சிரித்தார், பரிமாறிக்கொண்டிருந்த கலையரசி சிரிக்கவில்லை.

"இன்னிக்கு நெடுங்காட்டுக்குப் போற முறைங்க அதுக்கு" என்றார் செல்வமணி. "காலையிலேருந்து மூஞ்சிய தூக்கி வச்சிருக்கு. நான்தான் வேணாம்னுட்டேன். எதுக்குப் போவணும்? வீட்லயே ஒண்ணு வந்துருச்சு. காத்துக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு அய்யாவே சொல்லிட்டாங்க. வயசுப் பொண்ணு, அந்தக் காலனிக்குப் போறதும் வாரதும்... தெருவுல கேக்குறாங்க. இவ்வளவு நாளு வயலினுக்காகன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

வளர்மதி குனிந்து என் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். நான் அதையும் சாப்பிட்டேன்.

மாலை ஜெயந்தி டீச்சர் வந்துவிட்டார். கல்யாண வீட்டு முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்து என் முன்னால் வைத்தார். விஷயம் ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருந்தது. கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அது நடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சார் கணக்கு வாத்தியார்தானே? இருபது பிள்ளைக்குப் பத்து வயலின்னா பத்து குறையுதுன்னு போட்டுட்டீங்க. என் கணக்குல அது சரியா இருந்துச்சு."

"நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"யார்கிட்ட சார் சொல்றது? 'உங்க பிள்ளை காலனி வீட்டுக்குப் போயி உக்காரணும், அவங்க பிள்ளை உங்க அடுப்படிக்கு வரணும், அதுக்காகத்தான் இது'ன்னு சொன்னா அன்னைக்கே வகுப்பு நின்னிருக்கும். காத்துன்னு சொன்னேன். காத்துக்கு யாரும் சண்டை போட மாட்டாங்க."

அவர் நிதானமாகச் சொன்னார். முதல் வருடம் பிள்ளைகள் வாசலில் நின்றே வயலினை வாங்கிக்கொண்டு ஓடினார்களாம். ஒரு மழை நாளில் பஸ் வரவில்லை. மீனவர் தெருப் பையன் ஒருவன் நெடுங்காட்டில் தங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று. பிறகு மீன் போக ஆரம்பித்தது, கீரை வர ஆரம்பித்தது. ஒரு வீட்டு இழவுக்கு இன்னொரு வீட்டார் மாலையோடு வந்து நின்றார்கள். "வயலின் அவ்வளவு நல்லா ஒண்ணும் வாசிக்க மாட்டாங்க சார். அது உங்களுக்கே கேட்டிருக்கும்."

எங்கள் சங்கத்தை நினைத்துக்கொண்டேன். பெற்றோர் காரிலிருந்து குழந்தையை இறக்கிவிட்டு, வகுப்பு முடிந்ததும் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் நன்றாக வாசிப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையின் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"வயலின்களைத் திரும்ப வாங்கிவிடட்டுமா?"

"கொடுத்ததைப் பிள்ளைங்க கையிலேருந்து பிடுங்குவீங்களா?"

"செல்வமணியிடம் போய், நான் சொன்னது தப்பு, உப்புக் காற்று ஆகாதுதான் என்று சொல்கிறேன்."

"வேண்டாம் சார். நீங்க சொன்னதுதான் உண்மை. இப்ப மாத்திப் பேசுனா உங்களையும் நம்ப மாட்டாங்க, என்னையும் நம்ப மாட்டாங்க. மத்த பிள்ளைங்க வீட்லயும் இதே பேச்சுதான் ஓடும். விடுங்க, பாப்போம். அதிரசம் எடுத்துக்குங்க."

செவ்வாய்க்கிழமை என் கடைசி நாள். என்ன செய்வதென்று தெரியாமல் நெடுங்காடு பஸ்ஸில் ஏறினேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நடவு. பஸ்ஸில் வயல் சேறு அப்பிய கால்களோடு பெண்கள் ஏறினார்கள். ஒரு பெண், "பெரியவருக்கு எடம் விடுங்கடி, வெள்ளைச் சட்டையில சேறு படப் போவுது" என்றாள். இன்னொருத்தி, "பட்டா என்ன, அவரு வீட்ல மெசினு இருக்கும்" என்றாள். இருந்தது. சட்டையில் சேறும் பட்டது.

சத்யா பள்ளிக்குப் போயிருந்தாள். அவள் அம்மா ராணி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். ஒரே அறை, சுவரில் ஆணியில் பழைய வயலின் பெட்டி தொங்கியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"கலையரசி நேத்து வருமுன்னு கருணக்கிழங்கு மசியல் பண்ணி வச்சிருந்தேங்க. அதுக்கு ரொம்பப் புடிக்கும். சத்யா சாயங்காலம் பூரா ரோட்டையே பாத்துகிட்டு நின்னுச்சு. அப்பறம் தானே சொல்லுது, 'அதுக்குத்தான் புதுசு வந்துருச்சேம்மா, இனிமே எதுக்கு வரும்'னு." அவர் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. "நல்லதுதாங்க. ரெண்டுக்கும் தனித்தனியா ஆயிருச்சு. நீங்க மவராசனா இருக்கணும்."

சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

கிளம்பும்போது அவர் அடுப்பு மூலையிலிருந்து ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்தார். மூடியில் சின்ன நசுங்கல். "அய்யா டவுனுக்குத்தானே போறீங்க? ஒரு உதவி. இது அவங்க வீட்டுத் தூக்கு. போன வாரம் மீன் கொழம்பு வந்துச்சு இதுல. கலையரசி வந்தா குடுத்தனுப்பலாம்னு இருந்தேன். அடுத்தவங்க பாத்திரம் எத்தனை நாளு வச்சிருக்கறது?" சொல்லிக்கொண்டே கொல்லையில் போய் முருங்கைக்கீரையை ஒடித்துவந்து, உருவி, தூக்கை நிறைத்து மூடினார்.

மடியில் தூக்கோடு பஸ்ஸில் திரும்பினேன். பத்து வயலினைக் கொண்டு வந்தபோது இருந்ததைவிடக் கவனமாகப் பிடித்துக்கொண்டேன்.

செல்வமணி வீட்டு வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். என்னையும் தூக்கையும் பார்த்தார். வளர்மதி வெளியே வந்தார்.

"நெடுங்காட்டில் சத்யாவின் அம்மா கொடுத்தார். உங்கள் தூக்காம்."

வளர்மதி வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்களுதா? இல்லையே, இது அவங்களுது. பொங்கலுக்கு இதுலதான் அரிசி வந்துச்சு."

"அவங்களுது இல்லம்மா, நம்மளுதுதான்" என்றாள் உள்ளேயிருந்து கலையரசி. "இல்ல... தெரியலம்மா."

"அவங்களுதுதான்டி. நம்ம வீட்ல ஏது நசுங்குன மூடி?" வளர்மதி கணவரைப் பார்க்காமல் உள்ளே போனார். கீரையை முறத்தில் கொட்டும் சத்தம் கேட்டது, தூக்கைக் கழுவும் சத்தம், பிறகு சட்டியில் கரண்டி மோதும் சத்தம். திரும்பி வந்தபோது மூடியின் ஓரத்தில் மஞ்சளாகக் குழம்பு கசிந்திருந்தது. முந்தானையால் துடைத்தார்.

"வெறும் தூக்கா அனுப்ப முடியுமா?" என்றார் பொதுவாக. பிறகு என்னைப் பார்த்து: "அய்யா நாளைக்கு ஊருக்குப் போயிடுவீங்க இல்ல?"

"காலையிலேயே."

"அப்ப இத யாரு கொண்டு போயி குடுக்குறது?"

செல்வமணியின் கையில் ஊசி வலைக்கண்ணில் நுழைந்து வெளியே வந்தது, மறுபடி நுழைந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு முடிச்சை இழுத்துப் பல்லால் நூலை அறுத்தார்.

"கொழம்பு ஆறிப் போயிரும்" என்றார் வளர்மதி.

"இருட்டுறதுக்குள்ள வந்துரணும்" என்றார் செல்வமணி, வலையைப் பார்த்தே.

கலையரசி ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தாள். நான் அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். ஒரு வீட்டுக்கு வழி திறந்தது. மற்ற வீடுகளில் என்ன ஆயிற்று, என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்த வீடுகளுக்குத் தூக்கு கொண்டு போக எனக்கு நாள் இல்லை. அதை நினைத்தபடி நடந்தவன், பாதி வழியில்தான் அவள் கையில் தூக்கு மட்டும் இருப்பதைக் கவனித்தேன்.

"வயலினை எடுத்துக்கொள்ளவில்லையா அம்மா?"

அவள் என்னைக் கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அங்கதான் ஒண்ணு இருக்கே தாத்தா."

நெடுங்காடு பஸ் வந்தது. குழம்பு சிந்தாமல் இரண்டு கையாலும் தூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.